திராட்சைக்குச் சாம்பிராணி போட்டவன்

என் தலைக்குள் எதை வைத்தாலும் தங்காது. சரி, தலைக்கு மேல் வைத்தாவது பிழைப்போம் என்று பழக்கூடை தூக்கப் போனேன். எழுபதுகளின் கடைசி அது. பாண்டி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாய் வைத்திருந்த பழக் கோடவுனில் எனக்கு வேலை. அதற்கு முன்னால் கொஞ்ச காலம் மில்லில் இருந்தேன். நான் தொட்ட தறியெல்லாம் நின்றுபோனது. தறி நிற்கிற இடத்தில் நீ எதற்கு ஓடுகிறாய் என்று என்னையும் நிற்கச் சொல்லிவிட்டார்கள், கேட்டுக்கு வெளியே.

வாழைத்தார், சாத்துக்குடி மூட்டை, மாம்பழக் கூடை, திராட்சைப் பெட்டி என்று லாரியில் வந்து இறங்குகிற எல்லாம் என் தலை வழியாகத்தான் உள்ளே போகும். அந்தக் காலத்தில் பாண்டியில் யார் வீட்டில் மாம்பழம் தின்றிருந்தாலும், அது என் தலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஊரைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போயிருக்கும்.

கோடவுன் என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் கட்டிய பழைய வீடு ஒன்றின் பின்கட்டு. கனத்த சுவர், உயரத்தில் ஒரு ஜன்னல், இரட்டைக் கதவு, அவ்வளவுதான். வெயில் காலத்திலும் உள்ளே சில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காக, வாசலில் பூக்கடை போட்டிருந்த அம்மா தன் பூக்கூடைகளை உள்ளே ஒரு மூலையில் வைத்துக்கொள்வார். பாய் ஒன்றும் கேட்கமாட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஒரு பந்து மல்லிகை போய்விடும்.

பூக்கார அம்மாவுக்கு ஒரு மகள். பூக் கட்டுவாள். அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, கூடையோடு கதவு நிலையில் மோதினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்கலாமே என்று மறுநாள் வேண்டுமென்றே மோதினேன். சாத்துக்குடி தெருக்கோடி வரைக்கும் உருண்டது. மார்க்கெட்டே பொறுக்கிக் கொடுத்தது, பொறுக்கியதில் பாதியைத் தின்றும் தீர்த்தது.

ஒருநாள் துணிந்து பூக்கார அம்மாவை 'அத்தை' என்று கூப்பிட்டேன். பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். நல்ல வாசனையாகத்தான் இருந்தது. ஆனால் விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கூடை தூக்கறவனுக்கு எம் பொண்ண குடுக்க மாட்டேன். நாலு பேரு வந்து நின்னு பேரம் பேசற மாதிரி ஒரு கடையில உக்காரு. அப்புறம் வந்து கேளு."

கடைக்கு நான் எங்கே போவேன்? ஆனால் அதே சமயத்தில் பாய் தவளக்குப்பம் முனையில் ஒரு பழக்கடை திறக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடலூர் போகிற பஸ்ஸெல்லாம் நிற்கிற இடம். நான் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். உன்னை உட்கார வைத்தால் பாதிக் கடையை நீயே தின்றுவிடுவாய் என்றார். அதை மறுத்துப் பேச முடியவில்லை, அப்போதும் என் வாயில் கொய்யா இருந்தது. ஆனாலும் பாய்க்கு இரக்க மனசு. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார்.

கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய குடும்பம். பாதிப் பேர் பாண்டியில், பாதிப் பேர் பிரான்சில். அந்த வீட்டு அம்மாவை மதாம் என்போம். அவர் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் ஒரு தட்டு நிறையத் திராட்சை குவித்து வைக்க வேண்டும் என்பது மதாமின் ஆசை. பாயிடம்தான் சொல்லியிருந்தார்கள்.

"இந்தக் கல்யாணத் தெராட்சைய ஒண்ணு கெடாம மேசைக்கு கொண்டுபோய் சேத்துடு. தவளக்குப்பம் கடை சாவி உன் கையில" என்றார் பாய்.

எனக்கும் என் கல்யாணத்துக்கும் நடுவில் இருந்தது திராட்சை மட்டும்தான். இவ்வளவு சுலபமா என்று அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

கம்பத்துப் பக்கமிருந்து பன்னீர்த் திராட்சை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கறுத்த பழம், மேலே மாவு பூசியது போல் ஒரு படலம். பெட்டிகளை அடுக்கி முடித்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மதாம் வீட்டிலிருந்து ஆள் வந்தான். பாரிசில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம், கல்யாணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கிறார்களாம். மாப்பிள்ளை வராமல் கல்யாணம் நடக்காது என்பது நமக்குப் புரியும். திராட்சைக்குப் புரியுமா?

அதோடு ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. வந்த பழத்தை விற்றுவிட்டுப் புதிதாக வரவழைக்கலாம் என்றால் வழியில் பாலம் உடைந்து லாரி எல்லாம் நின்றுவிட்டது. ஈரக்காற்றில் சுவரே வியர்த்தது. இரண்டொரு நாளிலேயே ஒரு பழத்தின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு. மில்லில் நான் விட்டுவிட்டு வந்த பஞ்சு என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதோ என்று பயந்தேன். அது பூஞ்சை. ஒரு பழத்தில் பிடித்தால் பக்கத்துப் பழத்தின் தோளில் கை போடும். அது அடுத்ததின் தோளில் போடும். கொத்து முழுக்கக் கூட்டாளிகள் ஆகிவிடுவார்கள். நான் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கெட்டதை நறுக்கி நறுக்கி எறிந்தேன். ஒரு பெட்டியை முடித்துவிட்டுத் திரும்பினால் முன்பு முடித்த பெட்டியில் புதுப் பஞ்சு. தவளக்குப்பம் என்னைவிட்டுக் கடலூரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மணப்பெண்ணின் மாமா திராட்சையைப் பார்க்க வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்த மனிதர். அப்படிப்பட்டவர்களை நாங்கள் சொல்தா என்போம். மழையிலும் தொப்பி, வெயிலிலும் தொப்பி. ராணுவத்தை விட்ட பிறகு அங்கேயே ஒரு ஒயின் கிடங்கில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவராம். பூஞ்சையைப் பார்த்ததும் சிரித்தார்.

"அங்க எல்லாம் கந்தகப் புகை போட்டு ரூம மூடிடுவாங்கடா. அந்த காத்து பட்டா பூஞ்சை செத்துடும். நேத்து பறிச்ச மாரி பழம் அப்படியே கெடக்கும்."

எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டேன். சுண்டு விரல் நுனியைக் காட்டிவிட்டு, மதிய சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று போய்விட்டார்.

நாட்டு மருந்துக் கடைக்கு ஓடிக் கந்தகம் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சொறியா சிரங்கா என்றார். திராட்சைக்கு என்றேன். எல்லோரும் இப்படித்தான் எதையாவது சொல்லி வாங்குகிறார்கள் தம்பி, வெட்கப்படாதே, தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசு, ஒரு வாரத்துக்கு யாரையும் தொடாதே என்று சத்தமாக வைத்தியம் சொன்னார். கடையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஓரடி விலகி நின்றார்கள். நான் கோடவுனுக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. பூக்கார அம்மா எழுந்தார். மகள் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கி என் வழியைவிட்டுத் தள்ளிப் போட்டார்.

இப்போது புகை போட வேண்டும். என்னைக் கேட்டால், புகை போடுவதில் என்னை மிஞ்சிய ஆள் மார்க்கெட்டில் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் கோடவுனுக்குச் சாம்பிராணி போடுவது என் வேலை. தூபக்காலில் நெருப்பை அள்ளி, சாம்பிராணியைத் தூவி, விசிறிக்கொண்டே மூலை மூலையாகப் போவேன். கல்லாவுக்கு ஒரு சுற்று, தராசுக்கு ஒரு சுற்று. வாசலுக்கு வந்து தெருவுக்கும் காட்டுவேன். புகை எவ்வளவு அதிகமோ அவ்வளவு விசேஷம். கந்தகத்தையும் அப்படியே செய்தேன். சுண்டு விரல் நுனி என்று அவர் சொன்னது கஞ்சத்தனமாகப் பட்டது. ஒரு கைப்பிடி அள்ளித் தூபக்காலில் போட்டேன். கதவை மூடவில்லை, சாம்பிராணிக்கு யார் கதவை மூடுவார்கள்? பயபக்தியாக முதல் பெட்டிக்கு முன்னால் நின்று விசிறினேன்.

நீல நிறத்தில் ஒரு ஜுவாலை எழும்பியதைப் பார்த்தேன். அதன் பிறகு எதையும் பார்க்கவில்லை. ஆயிரம் தீப்பெட்டியை மொத்தமாக என் மூக்குக்குள் கொளுத்தியது போல் இருந்தது. கண்ணில் தண்ணீர், தொண்டையில் கத்தி. எனக்கு அறிவு இருந்திருந்தால் தூபக்காலைக் கீழே போட்டிருப்பேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். ஓடினால் காற்று பட்டு இன்னும் நன்றாகப் புகைந்தது. வாழைக்காய்க் கடைக்காரர் இருமினார். கருவாட்டுக் கூடையோடு வந்த வைத்திக்குப்பத்து அம்மாக்கள், கருவாட்டையே சகித்தவர்கள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினார்கள். ரிக்‌ஷாக்காரர் ரிக்‌ஷாவை விட்டுவிட்டு ஓடினார். தொழுகை முடிந்து வந்த பாய் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் பூக்கடைத் தண்ணீரைத் தூபக்காலில் ஊற்றினார். மிச்சத்தை என் மேல் ஊற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பூக்கார அம்மாவின் மகள் இருமுகிறாள், இருமலுக்கு நடுவில் சிரிக்கிறாள், சிரிப்பை நிறுத்த முடியாமல் மறுபடி இருமுகிறாள்.

சாயங்காலம் சொல்தா வந்து கதையைக் கேட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்டா, சாம்பிராணி காட்ட அது என்னா குளிப்பாட்டி வெச்ச கொழந்தையா? பத்த வெச்சிட்டு வெளியில வந்து கதவ சாத்துடா. அது பாத்துக்கும்."

இரண்டாம் முறை பாய் பக்கத்தில் நின்றார். நெடிக்குப் பயந்து பூக்கார அம்மா தன் கூடைகளை வாசல் பந்தலுக்கே கொண்டுபோய்விட்டார். கெட்ட பழங்களை எல்லாம் முதலில் நறுக்கி எடுத்தோம். பெட்டிகளுக்கு நடுவே காற்று போக வழி விட்டு அடுக்கினோம். நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் மண்சட்டியில் தணல். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, நிஜமாகவே சுண்டு விரல் நுனியளவு கந்தகத்தைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தேன். கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் ஈரச்சாக்கு அடைத்தோம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, நெடி அடங்கும் வரை எதிர்த்த கடையில் டீ குடித்தோம்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தேன். புதுப் பஞ்சு ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் கத்தரிக்கோலுக்குத் தப்பிய ஓரிரண்டும் காய்ந்து உதிர்ந்து கிடந்தன. காம்பு பச்சையாகவே இருந்தது. பழத்தில் ஒரு துளி தீக்குச்சி வாசனை. காற்றாட வைத்ததும் அதுவும் போய்விட்டது. பாய் ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். திறந்தபோது சிரித்தார். நான் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஆட்டம் ஆடினேன். சில பழங்களில் மட்டும் காம்பைச் சுற்றி நிறம் வெளுத்திருந்தது. கறுத்த பழத்தையே இந்தப் புகை வெளுக்கிறதே என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிப்பது என் வழக்கம் இல்லை.

அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தரம் புகை. பழம் அசையாமல் இருந்தது. மாப்பிள்ளையும் வந்து இறங்கிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசிப் புகையைப் போட்டுவிடலாம் என்று சட்டியைத் தயார் செய்தேன். அப்போது பூக்கார அம்மாவின் மகள் கதவருகே வந்து என்னிடம் ஏதோ சொன்னாள். அவள் என்னோடு நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை. உதடு அசைந்தது தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. காது மட்டும் வேலை செய்யவில்லை. நான் பலமாகத் தலையாட்டினேன். அவள் போனதும் பற்றவைத்துக் கதவைச் சாத்தினேன்.

அவள் சொன்னது என்னவென்று திறந்த பிறகுதான் தெரிந்தது. கடைப் பந்தல் ஒழுகியதால், மதாம் வீட்டுக் கல்யாணத்துக்காக வரவழைத்த சிவப்பு ரோஜாக் கூடையை வாழைத்தாருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்துத்தான் கொடுத்தேன். கூடை நிறைய வெள்ளை ரோஜா.

பூக்கார அம்மா ஒரு பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதழ் வாடவில்லை, கொட்டவில்லை. சிவப்பு மட்டும் ஓடிப்போயிருந்தது. அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"எம் பூவ வெளுத்துட்ட. கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே எம் பொண்ணு பக்கம் தலையத் திருப்பாத."

அந்த மழையில் வேறு ரோஜாவுக்கு வழியில்லை. நேரில் போய் மதாமிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று பூக்கார அம்மா முடிவு செய்தார். கூடையை நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். எத்தனையோ கனத்த மூட்டை தூக்கியிருக்கிறேன். அந்த ரோஜாக்கூடைதான் கழுத்தை ஒடித்தது.

மதாம் கூடையைத் திறந்து பார்த்தார். வீட்டுக்குள் திரும்பிப் பிரெஞ்சில் யாரையோ கூப்பிட்டார். போலீசைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வந்தது சொல்தா.

"நான் மொதல்ல வெள்ளதானே கேட்டேன்? இந்த மழையில கெடைக்காதுன்னியே, எப்படி புடிச்ச?" என்றார் மதாம்.

மாதா கோயில் கல்யாணத்துக்கு வெள்ளைப் பூதான் அவர் மனசில் இருந்திருக்கிறது. கிடைக்காது என்றதால் சிவப்புக்குச் சம்மதித்திருக்கிறார். பூக்கார அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. உங்களுக்காக எங்கெங்கேயோ சொல்லிவைத்து வரவழைத்தேன் என்றார். சொல்தா ஒரு பூவை எடுத்து முகர்ந்தார். முகர்ந்தவர் என்னைப் பார்த்தார். அவர் மீசை துடித்தது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை கோயிலில் பீடத்தின் இரண்டு பக்கமும் வெள்ளை ரோஜா, பெண்ணின் கையில் வெள்ளை ரோஜா. நானும் பூக்கார அம்மாவும் கதவோரம் நின்றோம். சாமியார் பேசத் தொடங்கினார், பேசிக்கொண்டே இருந்தார். திடீரென்று பூக்கார அம்மா என் கையைக் கெட்டியாகப் பிடித்தார். பெண்ணின் கையிலிருந்த பூவைப் பார்த்தேன். இதழோரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்பு. புகை கொண்டுபோன நிறத்தைக் காற்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மோதிரம் மாற்றுகிற நேரத்துக்கு எல்லாப் பூவும் வெட்கப்பட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின, குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. முன்வரிசையில் சொல்தா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"பிரான்சு ரோஜா. வரும்போது வெள்ள, போகப் போக செவப்பு" என்றார், சாமியாருக்கே கேட்கிற மாதிரி.

எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். பாரிசிலிருந்து வந்த மாப்பிள்ளை உட்பட.

பந்தி அவர்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது. மேசைக்கு மேசை திராட்சை, கறுத்து, மினுங்கி, கொத்தாகத் தட்டுக்கு வெளியே தொங்கியது. பாய் என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனார். கெட்ட பழம் ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்று அவர் தேடினார். பட்டுவிடக் கூடாதே என்று நானும் கூடவே தேடினேன். படவில்லை. கடை எனக்குத்தான். கடை கிடைத்து என்ன செய்ய, தலையைத் திருப்பாதே என்றல்லவா சொல்லியிருக்கிறார்?

பூக்கார அம்மா மகளோடு கடைசி மேசைக்கு வந்தார். ஒரு கொத்தைத் தூக்கினார். மேலே பார்க்கவில்லை, அடியில் பார்த்தார். பூவைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி பழத்துக்கும் பழத்துக்கும் நடுவில் விரலை விட்டு விலக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார், விதையைத் துப்பினார். இன்னொன்றைப் போட்டார். கொத்தில் பாதி காலியான பிறகுதான் பாய் பக்கம் திரும்பினார்.

"பாய், தவளக்குப்பத்து கடையில ஓரமா ஒரு பூக்கடை போட எடம் இருக்குமா?"

"இருக்கும்மா. இவன் பழத்த தின்னாம பாத்துக்க ஒரு ஆளும் வேணும்."

"பூவையும் பழத்தையும் ஒரே ரூம்ல வெக்கக் கூடாது. அத மட்டும் இவன எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"அவனுக்கு எங்கம்மா எழுதத் தெரியும்?"

"அப்ப சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

எதன்மேல் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுகிறேன் என்றேன். உன் தலையைத் தவிர வேறு எதன்மேல் வேண்டுமானாலும் பண்ணு, உள்ளே ஒன்றும் இல்லாததன்மேல் பண்ணினால் செல்லாது என்றார் பூக்கார அம்மா. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் திராட்சைத் தட்டில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

மகள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாய் நிறையத் திராட்சை. சிரிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. விதையைத் துப்ப அந்தப் பளபளக்கிற முற்றத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். நான் உள்ளங்கையை நீட்டினேன். அவள் ஒரு தரம் அம்மாவைப் பார்த்தாள், ஒரு தரம் என்னைப் பார்த்தாள், பிறகு தயங்காமல் துப்பினாள்.